அனாதை இல்லத்தில் விட்ட பெண் குழந்தை உலகக் கோப்பையைத் தூக்கிய கதை!

மூலக்குளம் டீக்கடையில் கிளம்பிய கேள்வி

புதுச்சேரி:-

வில்லியனூர் மெயின் ரோட்டில், மூலக்குளத்தில் ஒரு டீக்கடை. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் போனால் பெஞ்சில் இடம் கிடைக்காது. ஆபீஸ் முடிந்து வருகிறவர்கள், கடையைப் பையனிடம் ஒப்படைத்துவிட்டு வந்த மளிகைக்கடைக்காரர், டூட்டி முடிந்த டிரைவர் என்று எல்லோரும் அங்கே ஆஜர். எங்கே ஆரம்பித்தாலும் பேச்சு கடைசியில் பந்துக்குத்தான் வந்து நிற்கும்.

புதுச்சேரி ஆயிற்றே! வீட்டுக்கு ஒருவர் பிரான்சில் இருக்கிற தெருக்கள் இங்கே உண்டு. 2018-ல் பிரான்சு உலகக் கோப்பையை ஜெயித்தபோது நம்ம ஊரிலும் வெடி வெடித்தவர்கள் இருக்கிறார்கள். "எங்க டீமு" என்றே சொல்வார்கள்.

போன வாரம் பெஞ்சில் நடந்த வாக்குவாதம் இது. "பிரான்சு டீமில் நம்ம ரத்தம் யாராச்சும் ஆடியிருக்கானா?" என்று ஒருவர் கேட்டார்.

ஆடியிருக்கிறார். பெயர் விகாஷ் தொராசூ. மொரீசியஸ் வழி வந்த இந்திய வம்சம். பிரான்சில் பிறந்தவர். லியோன், இத்தாலியின் மிலான், பாரீஸ் கிளப்புகளில் ஆடியவர். 2006 உலகக் கோப்பையில் பிரான்சு அணிக்காக 2 ஆட்டங்களில் மாற்று ஆட்டக்காரராக இறங்கினார். மொத்தம் கால் மணி நேரம்தான் ஆடக் கிடைத்தது என்பது வேறு கதை.

"அவன் அங்கேயே பொறந்தவன். இங்க பொறந்து, அனாதையா விட்டு, வெள்ளக்காரன் தத்தெடுத்துக்கிட்டுப் போய், அங்க பெரிய ஆட்டக்காரன் ஆனவன் உண்டா? அதச் சொல்லு தம்பி!" என்று மளிகைக்கடைக்காரர் என்னைப் பார்த்தார். பத்திரிகைக்காரன் என்றால் எல்லாம் தெரியும் என்று நினைப்பு.

கால்பந்தில் அப்படி யோசித்தால் முதலில் நினைவுக்கு வருகிறவர் இத்தாலியின் மரியோ பலோட்டெல்லி. கானா நாட்டுத் தம்பதிக்கு 1990-ல் சிசிலித் தீவின் பலெர்மோ நகரில் பிறந்தவர். பிறந்ததிலிருந்து வயிற்றில் கோளாறு, ஆஸ்பத்திரி, ஆபரேஷன். பெற்றவர்களால் சமாளிக்க முடியவில்லை. சின்ன வயசிலேயே பலோட்டெல்லி என்ற இத்தாலியக் குடும்பத்திடம் வளர்ப்புப் பிள்ளையாகப் போனார். 18 வயது ஆகும் வரை இத்தாலியக் குடியுரிமைகூடக் கையில் இல்லை. 2012 ஐரோப்பியக் கோப்பை அரையிறுதியில் ஜெர்மனிக்கு எதிராக 2 கோல் அடித்தார். ஆட்டம் முடிந்ததும் கேலரிக்கு ஓடிப்போய்த் தன்னை வளர்த்த அம்மாவைக் கட்டிக்கொண்டார். அந்தப் போட்டோ உலகம் முழுக்க வந்தது.

ஆனால் அவர் இத்தாலியில் பிறந்து இத்தாலியிலேயே வளர்ந்தவர். மளிகைக்கடைக்காரர் கேட்டது நம்ம மண்ணில் பிறந்த பிள்ளை.

அப்படியும் ஒருத்தர் இருக்கிறார். ஆடியது கால்பந்து இல்லை, கிரிக்கெட். இன்னொரு விஷயம்: ஆட்டக்காரன் இல்லை, ஆட்டக்காரி!

பெஞ்சில் இருந்த ஆறு பேருக்கும் தெரியவில்லை. வாட்ஸ்அப்பில் அவ்வப்போது ஒரு செய்தி சுற்றும். "அனாதைக் குழந்தை ஆஸ்திரேலியா கேப்டன்" என்று. இதில் பாதி உண்மை, பாதி மசாலா என்று நினைத்துத் தள்ளிவிடுவோம். அதனால்தான் இந்தக் கட்டுரை.

நாலு வரிச் செய்தி

முதலில் என் பிழைப்பைப் பற்றி இரண்டு வார்த்தை. போலீஸ் ஸ்டேஷன், ஆஸ்பத்திரி, நகராட்சி என்று சுற்றுகிறவன் நான். மாதத்தில் ஒரு தடவையாவது ஒரு செய்தி எழுத வேண்டி வரும். எல்லாப் பத்திரிகைக்காரனுக்கும் மனப்பாடம் அது.

"பஸ் நிலையம் அருகே துணியில் சுற்றிக் கிடந்த பச்சிளம் பெண் குழந்தையின் அழுகுரல் கேட்டு அந்த வழியாகச் சென்றவர்கள் போலீசுக்குத் தகவல் கொடுத்தனர். போலீசார் விரைந்து சென்று குழந்தையை மீட்டு ஆஸ்பத்திரியில் சேர்த்தனர். குழந்தையை வீசிச் சென்றது யார்? கல் நெஞ்சத் தாயைப் போலீசார் தேடி வருகிறார்கள்."

நாலே வரி. ஊர்ப் பெயரை மட்டும் மாற்றினால் போதும். "கல் நெஞ்சத் தாய்" மாறாது. அப்பன் ஒருத்தன் இருப்பானே, அவனை எந்தப் போலீசும் தேடியதாக எழுதிய ஞாபகம் எனக்கு இல்லை.

மறுநாள் அந்தக் குழந்தை என்ன ஆயிற்று? யார் எடுத்துக்கொண்டு போனார்கள்? படித்ததா, வேலைக்குப் போனதா? ஒன்றும் தெரியாது. அதற்குள் அடுத்த விபத்து, அடுத்த செயின் பறிப்பு வந்துவிடும்.

இது அந்த மாதிரி ஒரு நாலு வரிச் செய்தியின் மீதிக் கதை.

1979, ஆகஸ்ட் 13

ஊர் புனே. அந்தக் காலத்தில் பூனா. அங்கே சசூன் ஆஸ்பத்திரி என்று பெரிய அரசாங்க ஆஸ்பத்திரி இருக்கிறது. அதை ஒட்டி ஸ்ரீவத்ஸா என்ற குழந்தைகள் இல்லம். விட்டுவிட்டுப் போன குழந்தைகளை எடுத்து வளர்த்துத் தத்துக் கொடுக்கிற இடம்.

1979 ஆகஸ்ட் 13-ந்தேதி பிறந்த ஒரு பெண் குழந்தை அந்த இல்லத்துக்கு வந்து சேர்ந்தது. பெற்றவர்களால் வைத்துக்கொள்ள முடியவில்லை. காரணம் வறுமையா, ஊர் வாய்க்குப் பயமா, பெண்ணாகப் பிறந்ததா என்று நாம் ஜோசியம் சொல்ல வேண்டாம். ஒன்றை மட்டும் கவனிக்கலாம். குழந்தையைக் குப்பைமேட்டில் போடவில்லை. பார்த்துக்கொள்கிற ஆட்கள் இருக்கிற வாசலில் கொண்டு வந்து சேர்த்திருக்கிறார்கள். பின்னால் நடந்தது அத்தனையும் அதனால்தான் நடந்தது.

இல்லத்தில் குழந்தைக்கு வைத்த பெயர் லைலா.

பையன் தேடி வந்த தம்பதி

அதே சமயத்தில் ஒரு தம்பதி இந்தியாவுக்கு வந்தார்கள். கணவர் ஹரேன் ஸ்தலேகர். பம்பாயில் பிறந்தவர். மனைவி சூ, இங்கிலாந்துக்காரர். குடியிருப்பு அமெரிக்காவில், மிச்சிகன் மாநிலம். ஏற்கெனவே இந்தியாவிலிருந்து ஒரு பெண் குழந்தையைத் தத்தெடுத்து வளர்த்துக்கொண்டிருந்தார்கள்.

வீட்டில் ஒரு பெண் இருக்கிறாளே, அடுத்தது பையனாக இருக்கட்டும் என்று தேடி வந்தார்கள். நம்ம வீடுகளில் நடக்கிற அதே கணக்குதான். அதில் தப்பு சொல்ல நாம் யார்?

தேடினார்கள். அவர்கள் நினைத்த மாதிரி பையன் அமையவில்லை. ஸ்ரீவத்ஸா இல்லத்தில் லைலாவைக் காட்டினார்கள். பெரிய பெரிய கண். அந்தக் கண்ணைப் பார்த்த பிறகு பையன் நினைப்புப் போய்விட்டது. "இந்தக் குழந்தைதான்" என்று முடிவு ஆயிற்று.

அப்போது லைலாவுக்கு வயது 3 வாரம்!

இந்த இடத்தில் ஒரு சட்ட விஷயம். 1956-ம் வருஷத்து இந்து தத்தெடுப்புச் சட்டம் என்ன சொல்கிறது தெரியுமா? வீட்டில் ஏற்கெனவே மகள் இருந்தால் இன்னொரு மகளை அந்தச் சட்டப்படி தத்தெடுக்க முடியாது. மகன் இருந்தால் இன்னொரு மகனும் கூடாது. பல பேருக்கு இது தெரியாது. வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்கு அப்போது தனிச் சட்டமே கிடையாது. 1890-ம் வருஷத்து வெள்ளைக்காரன் காலத்துப் பாதுகாவலர் சட்டத்தின்படி கோர்ட்டுக்குப் போய், "பாதுகாவலர்" என்று உத்தரவு வாங்கிக்கொண்டு பிள்ளையைத் தூக்கிப் போவார்கள். பிள்ளை எங்கே போகிறது, எப்படி இருக்கிறது என்று கேட்க நாதி இருக்காது. நிறையத் தில்லுமுல்லு நடந்தது. 1984-ல்தான் லட்சுமிகாந்த் பாண்டே என்ற வழக்கறிஞர் எழுதிய கடிதத்தை வழக்காக எடுத்துக்கொண்டு, நீதிபதி பகவதி தலைமையில் சுப்ரீம் கோர்ட் கடிவாளம் போட்டது. மத்திய அரசின் தத்தெடுப்பு ஆணையமான 'காரா' வந்தது 1990-ல்.

லைலா போனது அதற்கெல்லாம் முன்னால். நல்ல கைகளில் போய்ச் சேர்ந்தாள்.

லைலா என்ற பெயர் லிசா ஆனது. லிசா ஸ்தலேகர்.

கொல்லைப்புறத்து ஆட்டம்

முதலில் அமெரிக்கா. அப்புறம் ஆப்பிரிக்காவில் கென்யா. லிசாவுக்கு 4 வயது இருக்கும்போது குடும்பம் ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரத்துக்குப் போய் நிலைகொண்டது.

பம்பாய்க்காரர் எந்த நாட்டுக்குப் போனாலும் ஒன்றை மட்டும் விட்டுவிட மாட்டார். கிரிக்கெட்! ஹரேன் வீட்டுக் கொல்லைப்புறத்தில் மகள் கையில் மட்டையைக் கொடுத்தார். தானே பந்து போட்டார். பையன் வேண்டும் என்று வந்தவர், பையனுக்குச் சொல்லிக் கொடுப்பதை எல்லாம் பெண்ணுக்குச் சொல்லிக் கொடுத்தார். மகளுக்குச் சாயங்காலம் எப்போது வரும் என்று இருக்கும்.

கிளப்பில் சேர்க்கப் போனார்கள். சிட்னியின் புறநகரில் வெஸ்ட் பெனன்ட் ஹில்ஸ் செர்ரிபுரூக் கிரிக்கெட் கிளப். நூற்றுக்கணக்கில் பையன்கள். அத்தனை பேருக்கும் நடுவில் ஒரே ஒரு பெண், அதுவும் மாநிறத்தில்!

மூலக்குளத்தில் காலி மனையில் டென்னிஸ் பந்து வைத்து ஆடுகிற பையன்களைப் பார்க்கிறோம். அதில் ஒரு பெண் பிள்ளை உள்ளே போய் "நானும் ஆடுறேன்" என்றால் என்ன நடக்கும்? "போய் ஓரமா நின்னு பந்து பொறுக்கு" என்பார்கள். எந்த ஊரானாலும் பையன்கள் பையன்கள்தான். லிசா ஓரமாக நிற்கவில்லை. சுழற்பந்து போட்டு அவர்கள் ஸ்டம்பைச் சாய்த்தாள். மறுபேச்சு இல்லை.

வலது கை மட்டை. ஆப் ஸ்பின். 1997-98 சீசனில் நியூ சவுத் வேல்ஸ் மாநில அணிக்கு ஆட ஆரம்பித்தார். 2001 ஜூனில் இங்கிலாந்தின் டெர்பி மைதானத்தில் ஆஸ்திரேலியாவுக்காக முதல் ஒரு நாள் ஆட்டம். வயது 21.

அம்மா இல்லாத சதம்

மறு வருஷமே வீட்டில் இடி விழுந்தது. அம்மா சூ 2002-ல் மார்பகப் புற்றுநோயில் இறந்துபோனார்.

பெற்ற தாயைப் பார்த்த ஞாபகமே கிடையாது. வளர்த்த தாயும் போய்விட்டாள். அப்பாவும் இரண்டு பெண்களும்தான் மிச்சம்.

2003 பிப்ரவரியில் இங்கிலாந்துக்கு எதிராக முதல் டெஸ்ட் தொடர். இரண்டாவது டெஸ்ட் சொந்த ஊரான சிட்னியில், பாங்க்ஸ்டவுன் மைதானத்தில். லிசா 120 ரன் அடித்து அவுட் ஆகாமல் நின்றார். டெஸ்டில் அவர் அடித்த ஒரே சதம் அது.

அந்தக் காலத்தில் பெண்கள் கிரிக்கெட்டில் காசு கிடையாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். உலகக் கோப்பையை ஜெயித்து வந்தாலும் திங்கட்கிழமை வேலைக்குப் போயாக வேண்டும். லிசா மாநில கிரிக்கெட் சங்கத்தில் வேலை பார்த்துக்கொண்டேதான் நாட்டுக்காக ஆடினார். ஆண்கள் அணியில் ஒருவர் விளம்பரத்தில் சிரித்து ஒரு நாளில் வாங்குகிற காசைப் பெண்கள் வருஷம் முழுக்க வெயிலில் நின்றும் பார்த்ததில்லை. ஆஸ்திரேலியாவில் நிலைமை சுமாராகச் சீரானது 2017-ல், ஆட்டக்காரர்கள் சங்கம் சம்பளத்துக்காகச் சண்டை போட்ட பிறகு. அதற்குள் லிசா ஓய்வு பெற்று 4 வருஷம் ஆகிவிட்டது!

எதிரில் இந்தியா

2005 ஏப்ரல் 10. தென் ஆப்பிரிக்காவில் செஞ்சூரியன் மைதானம். பெண்கள் உலகக் கோப்பை இறுதி ஆட்டம். ஆஸ்திரேலியாவுக்கு எதிரில் யார்? இந்தியா! கேப்டன் மிதாலி ராஜ். இந்தியப் பெண்கள் இறுதி ஆட்டத்துக்கு வந்தது அதுதான் முதல் தடவை.

ஆஸ்திரேலியா 4 விக்கெட்டுக்கு 215. காரன் ரோல்டன் 107 அடித்து அவுட் ஆகாமல் நிற்க, கூட நின்று 55 ரன் அடித்தவர் லிசா. இந்தியா 117-ல் சுருண்டது. புனேயில் பிறந்த பெண் அடித்த ரன்னும் சேர்ந்துதான் இந்தியாவுக்குக் கோப்பை போயிற்று.

டீக்கடையில் இதைச் சொன்னதும் டிரைவர் அண்ணன், "பாத்தியா, நம்ம புள்ள நமக்கே வெச்சுது ஆப்பு!" என்றார். சிரிப்பு. ஆனால் மளிகைக்கடைக்காரர் சிரிக்கவில்லை. "நாம வெச்சுக்காத புள்ளப்பா அது. நம்ம புள்ளனு எந்த வாயால சொல்றது?" என்றார். கடையில் கொஞ்ச நேரம் பேச்சு இல்லை.

அப்புறம் கோப்பை மேல் கோப்பை. 2010-ல் மேற்கிந்தியத் தீவுகளில் 20 ஓவர் உலகக் கோப்பை. இறுதி ஆட்டத்தில் நியூசிலாந்தை வெறும் 3 ரன்னில் தோற்கடித்தார்கள். 2012-ல் நம் பக்கத்துக் கொழும்பில் இன்னொரு 20 ஓவர் கோப்பை. இங்கிலாந்தை 4 ரன்னில். அந்த இரண்டையும் பார்த்தவர்களுக்கு நகம் மிஞ்சியிருக்காது.

கணக்குப் புத்தகத்தையும் புரட்டிவிடுவோம். 8 டெஸ்ட், 125 ஒரு நாள் ஆட்டம், 54 இருபது ஓவர் ஆட்டம். மொத்தம் 187. ஒரு நாள் ஆட்டத்தில் மட்டும் 2,728 ரன், 146 விக்கெட். ஆயிரம் ரன்னும் நூறு விக்கெட்டும் ஒருசேர எடுத்தவர்கள் ஆண்களில் நிறையப் பேர் உண்டு. பெண்கள் ஒரு நாள் கிரிக்கெட்டில் அந்த இரண்டையும் முதன்முதலில் தொட்டவர் லிசாதான். ஆஸ்திரேலியாவின் சிறந்த வீராங்கனைக்குக் கொடுக்கிற பெலிண்டா கிளார்க் விருது 2007, 2008 என்று இரண்டு வருஷம் தொடர்ந்து அவருக்கு. துணைக் கேப்டன் பொறுப்பு, கேப்டன் பொறுப்பு இரண்டையும் பார்த்தார். கூட ஆடுகிறவர்கள் வைத்த செல்லப் பெயர் "ஷேக்கர்". தன் வாழ்க்கைக் கதைப் புத்தகத்துக்கும் அந்தப் பெயரையே வைத்தார்.

நூற்றைம்பது கிலோமீட்டர்

இனிமேல்தான் முக்கியக் கட்டம். சினிமாவில் வைத்தால் "சும்மா கதை விடுறான்" என்பார்கள்.

2013 பிப்ரவரி 17. பெண்கள் உலகக் கோப்பை இறுதி ஆட்டம் நடந்த இடம் மும்பை, பிரபோர்ன் மைதானம். அப்பா பிறந்த ஊர் அது. அங்கிருந்து ஸ்ரீவத்ஸா இல்லம் இருக்கிற புனே சுமார் 150 கிலோமீட்டர். நம்ம ஊரிலிருந்து சென்னைக்குப் போகிற தூரம்தான்!

ஆஸ்திரேலியாவும் மேற்கிந்தியத் தீவுகளும் மோதின. முதலில் ஆடிய ஆஸ்திரேலியா 7 விக்கெட்டுக்கு 259. பதிலுக்கு ஆடிய மேற்கிந்தியத் தீவுகளால் தலை தூக்க முடியவில்லை. லிசா சுழற்பந்தில் 2 விக்கெட் சாய்த்தார். 145 ரன்னில் கடைசி விக்கெட். பந்து காற்றில் எழும்ப, பாய்ந்து விழுந்து பிடித்தவர் யார்?

லிசா ஸ்தலேகர்!

114 ரன் வித்தியாசத்தில் வெற்றி. ஆட்டத்தின் கடைசிப் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு தரையில் கிடந்தார். அதுதான் அவருடைய சர்வதேச ஆட்ட வாழ்க்கையின் கடைசிப் பந்தும். ஓய்வு பெறுவதாக மறுநாளே அறிவித்துவிட்டார். வயது 33.

மூன்று வார வயதில் எந்த மாநிலத்திலிருந்து தூக்கிக்கொண்டு போனார்களோ, அதே மாநிலத்துக்கு வந்து கோப்பையைத் தூக்கிவிட்டு ஆட்டத்தை முடித்துக்கொண்டார். எழுதி வைத்தாலும் இப்படி அமையாது.

தான் கிடந்த இல்லத்தையும் அவர் பெரியவளான பிறகு வந்து பார்த்திருக்கிறார். அங்கே அப்போதும் குழந்தைகள் இருந்தார்கள்.

ஓய்வுக்குப் பின் மைக் பிடித்தார். 2015 ஐ.பி.எல். போட்டிகளுக்கு வர்ணனை செய்ய முதன்முதலாகப் பெண்களை அழைத்தபோது, வந்த நாலு பேரில் லிசாவும் ஒருவர். நம்ம வீட்டு டி.வி.யில் அவர் குரலைக் கேட்டிருப்பீர்கள், யார் என்று தெரியாமலே. 2020-ல் சர்வதேச கிரிக்கெட் கவுன்சிலின் புகழ்க் கூடத்தில் இடம் கொடுத்தார்கள். கூட அந்தக் கௌரவம் பெற்றவர்கள் தென் ஆப்பிரிக்காவின் காலிஸ், பாகிஸ்தானின் ஜாகீர் அப்பாஸ். 2022-ல் உலக ஆட்டக்காரர்கள் சங்கக் கூட்டமைப்புக்குத் தலைவர் ஆனார். அந்த நாற்காலியில் உட்கார்ந்த முதல் பெண்மணி. 2023-ல் பெண்கள் பிரீமியர் லீக் தொடங்கியதும் உத்தரப் பிரதேச அணிக்கு ஆலோசகராக மறுபடி இந்தியாவுக்கே வந்தார்.

நம்ம ஊர்க் கதை

இதெல்லாம் எங்கோ நடந்தது, நமக்கு என்ன என்று கேட்கிறவர்களுக்கு:-

நம்ம பக்கத்தில் பெண் குழந்தையைக் கள்ளிப்பால் கொடுத்துக் கொன்ற காலம் ரொம்பப் பழசு இல்லை. அதைத் தடுக்கத்தான் 1992-ல் தமிழ்நாட்டு அரசு சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டத்தை ஆரம்பித்தது. வேண்டாம் என்றால் கொல்லாதே, தொட்டிலில் போட்டுவிட்டுப் போ, கேள்வி கேட்க மாட்டோம் என்றது அரசு.

இன்றைக்கும் சட்டம் தெரியாமல்தான் பாதிப் பேர் குழந்தையைப் பஸ் நிலையத்தில் போட்டுவிட்டு ஓடுகிறார்கள். குழந்தையை அனாதரவாக வீசினால் குற்றம். பாரதிய நியாய சன்ஹிதா 93-வது பிரிவின்படி 7 ஆண்டு வரை ஜெயில். பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தில் அது 317. ஆனால் வளர்க்க வழி இல்லை என்று குழந்தைகள் நலக் குழுவிடம் முறைப்படி ஒப்படைத்தால் குற்றமே கிடையாது! போலீஸ் வராது, பத்திரிகையில் பேர் வராது. இரண்டு மாதம் அவகாசமும் கொடுப்பார்கள். மனசு மாறினால் திரும்பப் போய்ப் பிள்ளையை வாங்கிக்கொள்ளலாம். எங்கே போவது என்று தெரியாதவர்கள் 1098 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் போதும். காசு ஆகாது.

இந்தப் பக்கம் இப்படி என்றால், அந்தப் பக்கம் பிள்ளை இல்லாதவர்கள் கூட்டம். காராவில் பெயர் பதிந்துவிட்டு வருஷக் கணக்கில் காத்திருக்கிறார்கள். 2024-25-ல் நாடு முழுவதும் முறைப்படி தத்துப் போன குழந்தைகள் சுமார் நாலரை ஆயிரம். காத்திருக்கிறவர்கள் அதற்குப் பல மடங்கு. தத்துப் போகிறவர்களில் பெண் குழந்தைகளே அதிகம் என்று கணக்குச் சொல்கிறார்கள். பெண் பிள்ளை வேண்டும் என்று கேட்கிறவர்கள் பெருகிவிட்டார்கள் என்று சந்தோஷப்படலாம். இல்லங்களில் விட்டுப் போகிறதும் பெண்ணைத்தான் அதிகம் என்பதால் அந்தச் சந்தோஷம் பாதிதான்.

ஆட்டமும் இப்போது பழைய மாதிரி இல்லை. புதுச்சேரி கிரிக்கெட் சங்கத்துக்கு 2018-ல் இந்திய கிரிக்கெட் வாரியத்தின் அங்கீகாரம் கிடைத்தது. துத்திப்பட்டு மைதானத்தில் நம்ம பெண் பிள்ளைகளும் ஆடுகிறார்கள். 2025 நவம்பரில் இந்தியப் பெண்கள் உலகக் கோப்பையை ஜெயித்த ராத்திரி இதே மூலக்குளம் ரோட்டில் பையன்கள் ஹாரன் அடித்துக்கொண்டு வண்டியில் போனார்கள். இருபது வருஷத்துக்கு முன்னால், 2005-ல், அதே கோப்பையின் இறுதி ஆட்டத்தில் நம்ம பெண்கள் ஆடியது பக்கத்து வீட்டுக்கே தெரியாது.

கடைசிக் கேள்வி

எல்லாம் சொல்லி முடித்தேன். ரெண்டாவது டீயும் ஆறிவிட்டது. வில்லியனூர் பஸ் வந்து நிற்க, டிரைவர் அண்ணன் ஓடிப்போய் ஏறிக்கொண்டார்.

அதுவரை அடுப்பு பக்கம் திரும்பியே நின்றிருந்தார் கடைக்காரர் அம்மா. வியாபார நேரத்தில் வாயே திறக்க மாட்டார். கிளாஸைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஏன் தம்பி, அந்தப் பொண்ணு மும்பாயில ஆடினப்ப, பெத்தவ டி.வி.யில பாத்திருப்பாளா?"

பார்த்திருந்தாலும் தெரிந்திருக்காது. லைலா என்ற பெயரே இல்லம் வைத்ததுதான். டி.வி.யில் வந்த பெயர் லிசா.